ஸ்பானிஷ் முன்னிடைச்சொற்கள்: எந்த வழியில் படிப்பது?

ஸ்பானிஷ் படிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வினைத்திரிபுகள் ஓரளவு கைவந்திருக்கும். சொற்கள் நிறையச் சேர்ந்திருக்கும். கடைக்குப் போனால் வேண்டியதைக் கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் ‘போர்’ போடுவதா ‘பாரா’ போடுவதா, இங்கே ‘என்’ வருமா ‘ஆ’ வருமா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் நாக்கு தயங்கும். பள்ளியில் பிரிபொசிஷன் என்று படித்தோமே, அந்த முன்னிடைச்சொற்கள்தான் காரணம். பெரும்பாலும் ஓரசை ஈரசைச் சொற்கள். ஆனாலும் பேச்சின் ஓட்டத்தை நிறுத்துவதில் இவற்றுக்கு நிகரில்லை.

இவற்றைப் படிக்க வழிகள் பல இருக்கின்றன. விதிகளை மனப்பாடம் செய்யலாம், செயலியில் பயிற்சி எடுக்கலாம், வாக்கிய அட்டைகள் போடலாம், கேட்டுக் கேட்டே பழகலாம், ஆசிரியரிடம் எழுதிக் காட்டலாம். எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்வது சுலபம். வேலைக்கும் போய்க்கொண்டு இரவில் அரை மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு அந்த அறிவுரை பயன்படாது. அந்த அரை மணியை எதில் செலவிடுவது என்பதுதான் இங்கே கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷ் முன்னிடைச்சொற்களுக்குப் போகாதீர்கள். நம் வேற்றுமை உருபுகளிலிருந்து நேராகப் போங்கள். அதற்கு அடங்காதவற்றை வினையோடு சேர்த்து முழு வாக்கியமாகப் பழகுங்கள். அப்புறம் எழுதித் திருத்தம் வாங்குங்கள். மற்ற வழிகளெல்லாம் இதற்குத் துணை.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அந்த மொழியின் த ஒலிகள் நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பவை. ஆங்கில உச்சரிப்பைவிட நம் உச்சரிப்பு அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. படித்துப் பார்க்கும்போது வாய்விட்டே படியுங்கள்.

பட்டியலும் விதிகளும்

ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் முன்னிடைச்சொற்களை அகர வரிசையில் ஒப்பிப்பது பழைய வழக்கம்: ஆ, ஆந்தே, பாஹோ, காபே, கோன், கோந்த்ரா, தெ, தெஸ்தெ என்று அது போகும். நாம் ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று ஒப்பித்தது போலத்தான். 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் அரச மொழிக் கழகம் 2009இல் வெளியிட்ட புதிய இலக்கணத்தில் இந்தப் பட்டியல் 23 சொற்களுக்கு நீள்கிறது. அவற்றில் ‘காபே’, ‘சோ’ இரண்டும் வழக்கொழிந்தவை. ‘பெர்சுஸ்’, ‘பியா’ போன்றவை பின்னால் சேர்ந்தவை. அன்றாடப் பேச்சில் பெரும்பாரத்தைச் சுமப்பவை ஆறு: ஆ, தெ (உடைய, இருந்து), என், கோன் (ஓடு), போர், பாரா.

பட்டியலை மனப்பாடம் செய்வதால் பேச்சு வராது. ஸ்பானியக் குழந்தையும் அதை ஒப்பிக்கும் முன்பே நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. விதிப் புத்தகங்களின் சிக்கல் வேறு. ‘போர்’ என்ற ஒரு சொல்லுக்குக் காரணம், வழி, விலை, கால அளவு, பதிலாக வருவது, செயப்பாட்டு வினையின் கருத்தா என்று பத்துப் பதினைந்து பயன்பாடுகளை வரிசையாக எண் போட்டுத் தருவார்கள். எழுதி முடித்த வாக்கியத்தைச் சரிபார்க்க அது நல்ல துணை. எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்து நிற்கும்போது ஏழாவது விதியா ஒன்பதாவது விதியா என்று தேட முடியாது.

ஆனாலும் விதியே போதும் என்று சொல்லக்கூடிய சில இடங்கள் உண்டு. அவற்றை முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். ‘எல்’ என்பது ஆங்கில ‘தி’ போன்ற சொல். ‘ஆ’வும் ‘எல்’லும் சேர்ந்தால் ‘அல்’. ‘தெ’யும் ‘எல்’லும் சேர்ந்தால் ‘தெல்’. இப்படிச் சேர்வது இந்த இரண்டு மட்டும்தான். என்னோடு என்பது ‘கோன்மிகோ’, உன்னோடு என்பது ‘கோந்திகோ’. முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் அது மூல வடிவில்தான் வரும்: ‘சின் கோமேர்’ சாப்பிடாமல், ‘ஆந்தெஸ் தெ சாலீர்’ கிளம்பும் முன், ‘அல் யெகார்’ வந்ததும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘சின் கொமியெந்தோ’ என்று சொல்பவர்கள் நிறைய. நம் எச்சங்களை மனதில் வைத்துக்கொண்டால் அந்தத் தவறு வராது.

செயலிகள்

தினமும் மொழியைத் தொடும் பழக்கத்தைச் செயலிகள் உண்டாக்குகின்றன. அந்த அளவில் நல்லது. முன்னிடைச்சொல்லுக்கென்று மட்டும் பார்த்தால் அவை பலவீனமான வழி. திரையில் ஒரு இடம் காலியாக இருக்கும், கீழே மூன்று நான்கு சொற்கள் கொடுத்திருப்பார்கள், ஒன்றைத் தொட வேண்டும். ஊகித்தே பாதி சரியாகிவிடும். பேசும்போது நான்கு சொற்களை யாரும் முன்னால் வைப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு சொல் வர வேண்டும் என்பதே நினைவுக்கு வர வேண்டும். அதோடு, நம்மில் பலர் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக வைத்துத்தான் இவற்றில் படிக்கிறோம். அது தனியாக ஒரு தொல்லை. அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

தமிழிலிருந்து நேராக

ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்க மூன்று சொற்கள்: அறைக்குள் என்றால் இன், மேசைமேல் என்றால் ஆன், வீட்டில் இருந்தால் அட். ஸ்பானிஷில் மூன்றுக்கும் ‘என்’ ஒன்றே போதும். தமிழிலும் அப்படித்தானே? அறையில், மேசையில், வீட்டில். ‘எல் லிப்ரோ எஸ்தா என் லா மேசா’ என்றால் புத்தகம் மேசையில் இருக்கிறது. (நம் மேசை போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது, ஸ்பானிஷிலும் அதே மேசாதான்.) ஆங்கிலம் வழியாகப் போகிறவர் மூன்றை ஒன்றாக்கக் கஷ்டப்படுகிறார். தமிழிலிருந்து போகிறவருக்கு ‘இல்’ என்றால் ‘என்’, அவ்வளவுதான்.

இந்தப் பொருத்தம் இடத்தோடு நிற்பதில்லை. பஸ்ஸில் வந்தேன் என்பது ‘என் அவுதோபூஸ்’. ஆங்கிலத்தை நினைத்தால் இங்கே ‘போர்’ வாயில் வந்துவிடும். டிவியில் பார்த்தேன், ‘என் லா தேலே’. 2010இல், ‘என்’. மூன்று மணிக்கு என்று நாம் ‘கு’ போடும் இடத்தில் ஸ்பானிஷ் ‘ஆ’ போடுகிறது: ‘ஆ லாஸ் த்ரெஸ்’. வீட்டுக்குப் போகிறேன், ‘வோய் ஆ காசா’. மத்ரித்துக்கு வந்து சேர்ந்தேன், ‘யெகே ஆ மத்ரித்’. திங்கட்கிழமை வருகிறேன் என்று நாம் உருபே இல்லாமல் சொல்கிறோம். அவர்களும் ‘எல் லூனெஸ்’ என்று முன்னிடைச்சொல் இல்லாமல்தான் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்பதும் அப்படித்தான். யாரோடு பேசுகிறாய் என்று நாம் உருபைக் கேள்விச் சொல்லோடு ஒட்டுகிறோம். ‘கோன் கியேன் ஆப்லாஸ்’ என்று அவர்களும் சேர்த்தே கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் போல அதைப் பிரித்து வாக்கியத்தின் கடைசியில் விட ஸ்பானிஷில் முடியாது.

‘கு’ போடும் இடத்தில் ‘ஆ’ என்பதற்கு இன்னொரு பெரிய பலன் உண்டு. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்ற அமைப்பு ஆங்கிலேயர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். நமக்கு அது எனக்குக் காபி பிடிக்கும், அப்படியே. ‘ஆ மி மாத்ரே லே குஸ்தா எல் கஃபே’ என்றால் என் அம்மாவுக்குக் காபி பிடிக்கும். அந்த ‘ஆ’ எதற்கு என்று பாடப் புத்தகம் அரைப் பக்கம் விளக்கும். அம்மாவுக்கு என்பதில் இருக்கும் ‘கு’ என்று சொன்னால் தமிழருக்குப் புரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஆளைக் குறிக்கும் ‘ஆ’. ‘வேயோ லா காசா’ என்றால் வீடு கண்ணில் படுகிறது. ‘வேயோ ஆ மரியா’ என்றால் மரியாவைப் பார்க்கிறேன். செயப்படுபொருள் மனிதராக இருந்தால் நடுவில் ஒரு ‘ஆ’ வர வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு இணையே கிடையாது. அதனால் ஆங்கிலவழி மாணவர்கள் வருடக்கணக்கில் இதை விட்டுவிட்டே பேசுகிறார்கள். நமக்கு இரண்டாம் வேற்றுமை இருக்கிறது. நாம் ஐ உருபைப் போடுவதிலும் விடுவதிலும் ஒரு பொருள் இருக்கிறது. கடைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றால் யாரோ ஒருவர் வேண்டும். ஆளைத் தேடுகிறார்கள் என்றால் குறிப்பிட்ட ஒருவரைத் தேடுகிறார்கள். ஸ்பானிஷ் இதே வேறுபாட்டைக் காட்டுகிறது. ‘புஸ்கான் கமரேரோ’ என்றால் ஓட்டலுக்கு சர்வர் தேடுகிறார்கள், வேலை காலியாக இருக்கிறது. ‘புஸ்கான் அல் கமரேரோ’ என்றால் அந்த சர்வரைத் தேடுகிறார்கள், ஆள் எங்கேயோ போய்விட்டார். பெண் பார்ப்பதற்கும் பெண்ணைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இந்த ‘ஆ’ புரியாமல் போக வழியில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த வீட்டைப் பார்த்தேன் என்று பொருளுக்கும் நாம் ஐ போடுவோம், ஸ்பானிஷ் போடாது. ஐ வந்து, அதுவும் ஆளுக்கு வந்தால்தான் ‘ஆ’. வளர்ப்பு நாயை ஆளாகப் பாவித்து ‘ஆ’ போடுவது அவர்களிடம் சகஜம். எனக்கு இரண்டு அண்ணன்கள் என்பதில் ஐ இல்லை அல்லவா? ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’ என்பதிலும் ‘ஆ’ இல்லை.

‘போர்’ – ‘பாரா’ சண்டை

இதற்குத் தமிழ் வழி எவ்வளவு தூரம் வரும்? என் அனுபவத்தில் முக்கால் தூரம்.

‘க்காக’ என்ற உருபை நம்பக் கூடாது என்பது முதல் பாடம். அது இரண்டு பக்கமும் சாயும். ‘லோ இசே பாரா தி’, ‘லோ இசே போர் தி’ இரண்டையும் உனக்காகச் செய்தேன் என்றே சொல்லலாம். முதலாவதில் செய்த பொருள் உனக்கு வந்து சேர வேண்டியது. கேக்கோ சட்டையோ ஏதோ ஒன்று. இரண்டாவதில் நீதான் காரணம். உன்னை நினைத்து, உன்பொருட்டுச் செய்தேன்.

எனவே உருபை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடியுங்கள். ஏன், எதனால், யாரால், எந்த வழியாக, யாருக்குப் பதிலாக என்ற கேள்விக்குப் பதில் என்றால் ‘போர்’. எதற்கு, யாருக்கு, என்றைக்குள், எங்கே போக என்பதற்குப் பதில் என்றால் ‘பாரா’. ஸ்பானிஷிலேயே ‘போர் கே’ என்றால் ஏன், ‘பாரா கே’ என்றால் எதற்கு. படிக்க வந்தேன் என்று நாம் சொல்லும் செயவென் எச்சம் எதற்கு என்பதற்குப் பதில், அங்கே ‘பாரா’. திங்கட்கிழமைக்குள் வேண்டும், ‘பாரா எல் லூனெஸ்’. மழையால் வரவில்லை, ‘போர் லா யூவியா’. பூங்கா வழியாக நடந்தேன், ‘போர் எல் பார்கே’.

இந்த ஒரு ஜோடியைப் பாருங்கள். ‘த்ரபாஹோ பாரா மி எர்மானோ’ என்றால் அண்ணனிடம் வேலை பார்க்கிறேன், அவர் முதலாளி. ‘த்ரபாஹோ போர் மி எர்மானோ’ என்றால் அண்ணனுக்குப் பதிலாக வேலை பார்க்கிறேன், அல்லது அவர்பொருட்டு உழைக்கிறேன். வேலைக்கான நேர்காணலில் இரண்டையும் மாற்றிச் சொன்னால் கேட்பவர் வேறு கதையைப் புரிந்துகொள்வார்.

மீதிக் கால் தூரம் எங்கே தட்டும்? விலையிலும் நன்றியிலும். நூறு யூரோவுக்கு வாங்கினேன், வந்ததற்கு நன்றி: இரண்டிலும் நாம் ‘கு’ போடுகிறோம், கேள்வியும் எவ்வளவுக்கு, எதற்கு என்றுதான் வருகிறது. ஸ்பானிஷில் ‘போர் சியென் எயூரோஸ்’, ‘கிராசியாஸ் போர் வெனீர்’. ஒன்றுக்குக் கைமாறாக ஒன்று போகும் இடமெல்லாம் ‘போர்’ என்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். போனில் பேசினேன் என்பதும் ‘இல்’லை மீறி ‘போர் தெலேஃபோனோ’ ஆகிறது. காலையில் என்பது ஸ்பெயினில் ‘போர் லா மஞானா’. லத்தீன் அமெரிக்காவில் ‘என் லா மஞானா’வும் பரவலாகக் கேட்கும்.

வினையோடு சேர்த்து

தமிழ் வழி முற்றிலும் கைவிடும் பகுதி ஒன்று இருக்கிறது: வினைகள் தமக்கென்று பிடித்து வைத்திருக்கும் முன்னிடைச்சொற்கள். பாட்டியைக் கனவில் கண்டேன் என்பதற்கு ‘சொஞே கோன் மி அபுவேலா’ என்கிறார்கள், அதாவது பாட்டியோடு. அம்மாவை நினைத்தேன் என்பதற்கு ‘பென்சே என் மி மாத்ரே’. காதலிக்கத் தொடங்கினால் ‘எனமொரார்சே தெ’, கல்யாணம் செய்தால் ‘கசார்சே கோன்’. உன்னைப் பொறுத்தது, ‘தெபெந்தே தெ தி’. ஞாபகம் இருக்கிறது என்பதற்கு ‘மே அகுவெர்தோ தெ’ என்றால் ‘தெ’ வேண்டும். அதே பொருளில் ‘ரெகுவெர்தோ’ என்றால் எதுவும் வேண்டாம். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. காரணம் தேடும் நேரத்தில் பத்து வினைகளைப் பழகிவிடலாம்.

சின்ன ஒழுங்கு ஒன்று மட்டும் கண்ணில் படும். இன்னொரு வினையை நோக்கிப் போகும் வினைகள் பெரும்பாலும் ‘ஆ’ எடுக்கின்றன: ‘எம்பெசார் ஆ’ தொடங்கு, ‘அப்ரெந்தேர் ஆ’ கற்றுக்கொள், ‘அயுதார் ஆ’ உதவு, ‘வோல்வேர் ஆ’ மறுபடி செய். விட்டு விலகுபவையும் முடிப்பவையும் ‘தெ’ எடுக்கின்றன: ‘தெஹோ தெ ஃபுமார்’ புகைப்பதை விட்டார், ‘அகாபோ தெ கோமேர்’ இப்போதுதான் சாப்பிட்டேன். இதுவும் விதியல்ல, நினைவுக்கு ஒரு கைப்பிடி.

எதிர்த் திசையிலும் கவனம் வேண்டும். எதுவுமே எடுக்காத வினைகள் இருக்கின்றன. பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவோம். ஸ்பானிஷில் ‘எஸ்பேரோ எல் அவுதோபூஸ்’, நடுவில் ஒன்றுமில்லை. புஸ்கார் (தேடு), மிரார் (பார்), எஸ்குச்சார் (காதால் கேள்), பெதீர் (வேண்டுமென்று கேள்) எல்லாம் இந்த வகை. ஆளாக இருந்தால் மட்டும் பழைய ‘ஆ’ வந்துவிடும்: ‘எஸ்பேரோ ஆ மி எர்மானோ’.

இவற்றுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி வாக்கிய அட்டை. காகிதத்தில் எழுதினாலும் சரி, ஆன்கி போன்ற மென்பொருளில் போட்டாலும் சரி. ஆன்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் முழு ஸ்பானிஷ் வாக்கியம். நடுவில் ஒரு சொல்லை மட்டும் மறைக்கும் இடைவெளி அட்டை வேண்டாம். இடைவெளி இருப்பதே இங்கே ஏதோ வர வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிடும்; அதை நினைவில் கொண்டுவரும் வேலைதான் நமக்குப் பயிற்சியாக வேண்டும். வாக்கியம் உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும்: உங்கள் பாட்டி, உங்கள் பஸ், உங்கள் மேலாளர். திருப்பிப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே வினை இரண்டு முன்னிடைச்சொற்களை எடுத்தால் இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ‘த்ரதார் தெ’ முயற்சி செய், ‘த்ரதார் கோன்’ பழகு அல்லது கையாள்; ஒன்று ஊறிய பிறகு அடுத்தது. அன்றாடப் பேச்சுக்கு எண்பது, நூறு வினைகள் இப்படிக் கைவந்தால் போதும் என்பது என் கணிப்பு.

இந்த வழிக்குக் குறை இல்லாமல் இல்லை. முதல் சில வாரம் அலுப்பாக இருக்கும், பேச்சில் பலன் உடனே தெரியாது. அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போய்த் திரும்பிப் பார்க்காமல் விடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

கேட்டுப் பழகினால் போதாதா?

குழந்தை கேட்டுத்தானே கற்கிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. கேட்பதன் பலனை நான் குறைக்கவில்லை. ‘சொஞே தெ’ என்பது காதுக்கே உறுத்தும் நிலை கேட்டுத்தான் வரும். ஆனால் முன்னிடைச்சொற்கள் அழுத்தம் பெறாத சொற்கள். பக்கத்து உயிரோடு கரைந்துவிடும். ‘வா ஆ ஆப்லார்’, பேசப்போகிறார், என்பது வேகமான பேச்சில் ‘வாப்லார்’ ஆகிவிடுகிறது. நடுவில் இருந்த ‘ஆ’ காதில் விழவே விழாது. இல்லாத ஒன்றைக் கேட்டு எப்படிக் கற்பது? ஆகவே ஆரம்ப நிலையில் எழுத்து வடிவம் முன்னால் இல்லாமல் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வசன வரிகளோடு பாருங்கள், அல்லது செய்தியை வாசித்துவிட்டுக் கேளுங்கள். ஸ்பெயின் அரசு ஒலிபரப்பான ஆர்டிவிஇ, பிபிசி முண்டோ இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

எழுதிக் காட்டுவது

ஆசிரியருக்குச் செலவாகும். ஆனால் பேச்சுப் பயிற்சிக்கு மணிக்கணக்கில் பணம் கொடுப்பதைவிட, வாரம் ஒரு முறை ஐந்தாறு வரி எழுதித் திருத்தம் வாங்குவது முன்னிடைச்சொல்லுக்கு அதிகப் பலன் தரும். பேச்சில் உங்கள் கருத்து புரிந்துவிட்டால் நல்ல மனம் கொண்டவர் திருத்தமாட்டார். எழுத்தில் தப்பிக்க முடியாது.

ஒரு தமிழ் மாணவர் எழுதக்கூடிய பத்தி இப்படி இருக்கும்: ‘யெகே என் மத்ரித் எல் லூனெஸ். எஸ்பெரே பாரா எல் அவுதோபூஸ். பென்சே தெ மி மாத்ரே. உன் செஞோர் மே அயுதோ என்கோந்த்ரார் எல் ஓதெல். லே திஹே, கிராசியாஸ் பாரா சு அயூதா.’ திங்கட்கிழமை மத்ரித் வந்தேன், பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், அம்மாவை நினைத்தேன், ஒருவர் ஓட்டலைக் கண்டுபிடிக்க உதவினார், உங்கள் உதவிக்கு நன்றி என்றேன்.

ஐந்து வாக்கியம், ஐந்து தவறு. ‘யெகே என்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. மத்ரித்துக்கு என்று தமிழில் நினைத்திருந்தால் ‘ஆ’ தானாக வந்திருக்கும். ‘எஸ்பெரே பாரா’வில் ‘பாரா’வே வேண்டாம். ‘பென்சே தெ’, ‘பென்சே என்’ ஆக வேண்டும். ‘அயுதோ’வுக்குப் பின் ஒரு ‘ஆ’ விடுபட்டிருக்கிறது. கண்டுபிடிக்க என்பதில் நமக்கு உருபு தெரிவதில்லை. இந்த மூன்றுக்கும் அட்டைதான் மருந்து. கடைசியில் நன்றியில் நம் ‘கு’ ஏமாற்றியிருக்கிறது. ‘எல் லூனெஸ்’ மட்டும் சரியாக வந்திருக்கிறது. இப்படி ஒவ்வொரு தவறும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்து வைத்தால், உங்கள் அரை மணியை அடுத்த வாரம் எதில் செலவிடுவது என்பது தானே தெரியும்.

யார் எதைத் தேர்ந்தெடுப்பது

ஸ்பானிஷ் திறனுக்குச் சான்றிதழ் தரும் தெலே தேர்வு எழுதுகிறவர்கள் விதிப் புத்தகத்தை ஒதுக்க முடியாது. செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் இந்தத் தேர்வின் பி1, பி2 என்ற இடைநிலைகளில் வாசிப்புப் பகுதியில் இடைவெளி நிரப்பும் பத்தி ஒன்று வருகிறது. முன்னிடைச்சொற்கள் அங்கே தப்பாமல் தலைகாட்டும். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50 மதிப்பெண். 30 வாங்கினால்தான் தேர்ச்சி. கேட்பதும் பேசுவதும் சேர்ந்த மற்றொரு 50க்கும் அதே கணக்கு. ஒன்றில் அதிகம் வாங்கி மற்றொன்றை ஈடுகட்ட முடியாது. எனவே இவர்களுக்கு அட்டை பாதி, எழுதித் திருத்துவது பாதி. கடைசி மாதம் விதிப் பயிற்சி.

வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அட்டையும் கேட்பதும். வேலையில் திரும்பத் திரும்ப வரும் முப்பது நாற்பது வாக்கியங்களை அப்படியே வாயில் ஏற்றிக்கொண்டால் முன்னிடைச்சொல்லும் கூடவே வந்துவிடும். ஸ்பெயினுக்கோ மெக்சிகோவுக்கோ குடிபோகிறவர்கள் அட்டையைக் குறைத்துக்கொள்ளலாம். தமிழ் வேற்றுமைப் பொருத்தத்தை மட்டும் விமானம் ஏறும் முன் தெளிவாக்கிக்கொண்டால் மீதியை ஊர் கற்றுக்கொடுக்கும். ஆசைக்குப் படிக்கிறவர்கள் தேர்வுப் புத்தகத்தின் பக்கமே போக வேண்டாம். தமிழ் வழியும் வாசிப்பும் அவர்களுக்குப் போதும்.

எந்த நாட்டு ஸ்பானிஷ் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அட்டைகளில் எழுதும் வாக்கியங்கள் அதைப் பொறுத்து மாறும். உள்ளே நுழைவதற்கு ஸ்பெயினில் ‘எந்த்ரார் என்’, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் ‘எந்த்ரார் ஆ’. தண்ணீர் எடுத்துவரப் போகிறேன் என்பதற்கு ஸ்பெயினில் ‘வோய் ஆ போர் ஆகுவா’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். அந்தப் பக்கம் ‘வோய் போர் ஆகுவா’ மட்டும். எல்லாவற்றையும்விட ‘ஆஸ்தா’வில் கவனமாக இருங்கள். வரைக்கும் என்பது அதன் பொதுப் பொருள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ‘லா தியெந்தா ஆப்ரே ஆஸ்தா லாஸ் தியெஸ்’ என்று சொன்னால், பத்து மணிக்குத்தான் கடை திறக்கும் என்று பொருள்படலாம். அந்த நாடுகளோடு வேலை என்றால், நேரத்தோடு ‘ஆஸ்தா’ வரும்போதெல்லாம் திறப்பதா மூடுவதா என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.